வயதைப் பார்த்து மட்டும் திட்டம் போடாதீர்கள்: ஆலோசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏழு வயதுச் சிறுமி. தாத்தா இறந்த பிறகு இரவில் தூங்க மறுக்கிறாள். மனதில் ஓடும் எண்ணங்களை எழுதிப் பார்க்கும் எண்ணப் பதிவேடு கொடுத்தேன், நிரப்பவில்லை.

நிரப்ப மாட்டாள். தன் எண்ணத்தைத் தானே எட்ட நின்று ஆராயும் திறன் பதினொன்று, பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் வலுப்பெறுகிறது. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயைப் படித்துவிட்டு அந்தத் தாளை எப்படிக் கொடுத்தீர்கள்? படம் வரையட்டும், பொம்மைகளை வைத்து விளையாடட்டும். அதற்கும் முன், மரணத்தை வீட்டில் எப்படிச் சொன்னார்கள் என்று விசாரியுங்கள். "தாத்தா தூங்கிவிட்டார்" என்று சொல்லியிருந்தால், அவள் தூங்க அஞ்சுவது நியாயம்தான். இறந்துவிட்டார், உடம்பு இனி இயங்காது, திரும்பி வரமாட்டார் என்பதைப் பெற்றோரே நேரான சொற்களில் சொல்லட்டும்.

வயது 32. வாழ்நாளைக் கட்டங்களாகப் பிரித்த உளவியலாளர் எரிக்சன்படி, நெருக்கமா தனிமையா என்ற கட்டம். இதற்கான சிகிச்சைத் திட்டம் அனுப்புவீர்களா?

மாட்டேன். வயதைத் தவிர அவரைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. 1950இல் எட்டுக் கட்டங்களை முன்வைத்த எரிக்சன், ஒரு கட்டத்தின் சிக்கல் அந்த வயதோடு தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. அப்பா சொன்ன படிப்பு, அப்பா பார்த்த வேலை என்று வந்தவர், "எனக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை" என்றால் அவருக்குத் தொடங்க வேண்டிய இடம் 'நான் யார்' என்று கேட்கும் முந்தைய கட்டம், அடையாளம். முதலில் வளர்ச்சி வரலாறு எடுங்கள்: சிறுவயதிலிருந்து அவர் எப்படி வளர்ந்தார் என்று கேளுங்கள்.

எந்தக் கோட்பாடு சிறந்தது?

யாருக்கு?

28 வயது இளைஞர். காதல் உறவுகள் நிலைப்பதில்லை. இணையச் சோதனையில் 'தவிர்க்கும் பிணைப்பு', அதாவது நெருக்கத்திலிருந்து விலகி நிற்பவர், என்று வந்தது. ஒரு வயதிலேயே தாய் வேலைக்குப் போய்விட்டார், பாட்டிதான் வளர்த்தார். தாயை அழைத்து இதை உணர்த்துவது முதல் இலக்கு. சரியா?

தவறு. அந்த இலக்கை இன்றே அடித்துவிடுங்கள். இப்படிப்பட்ட கடிதங்கள் ஓயாமல் வருகின்றன. எல்லாவற்றிலும் கூண்டில் நிற்பவர் தாய். அப்பா எங்கே இருந்தார் என்று ஒருவரும் எழுதுவதில்லை.

பிணைப்பை வகைப்படுத்திய உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த்தின் சோதனை, ஒன்று முதல் ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கானது. ஏறத்தாழ 20 நிமிடம், பிரிந்த தாய் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். அதிலிருந்து வந்த பெயரை, நாலு கேள்விகளை நம்பி வளர்ந்த மனிதரின் நெற்றியில் ஒட்டுகிறீர்கள். அதே எய்ன்ஸ்வர்த் 1950களில் உகாண்டாவில் வீடு வீடாகக் கவனித்தபோது, குழந்தைகள் தாயல்லாத மற்றவர்களோடும் பிணைப்புக் கொள்வதைப் பதிவு செய்தார். பாட்டி வளர்த்தது உங்களுக்கு ஏன் குறையாகத் தெரிகிறது? ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்று 1997இல் சொன்னதும் இதுதான்: பிறர் பராமரிப்பில் விடுவது மட்டுமே பிணைப்பைக் கெடுப்பதில்லை.

கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். அழுதால் யார் தூக்கினார்கள்? பாட்டியை எப்போது இழந்தார்? அப்போது அவரை அழ விட்டார்களா? இன்று காதலி பதில் அனுப்பத் தாமதித்தால் என்ன செய்கிறார்? மனம் திறந்து பேசிய அமர்வுக்கு அடுத்த வாரம் வராமல் போகிறாரா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால், நெருங்கியதும் விலகுவது உங்களிடமே நடக்கிறது; உங்கள் இலக்கு உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறது. தாயை அழைக்க வேண்டியதில்லை. இங்கும் முதலில் வளர்ச்சி வரலாறு.

ஓய்வுபெற்ற ஆசிரியர், 70 வயது. பழைய கதையையே பேசுகிறார். எப்படி நிறுத்துவது?

நிறுத்தாதீர்கள். வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது முதுமையின் இயல்பான வேலை என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இலேயே எழுதினார். ஒரே குற்றவுணர்வைச் சுற்றிச் சுற்றி வந்து, பசியும் தூக்கமும் குறைந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். மறதி புதிதாகக் கூடியிருந்தால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

15 வயதுப் பையன் அமர்வில் பேசியதை எல்லாம் பெற்றோர் கேட்கிறார்கள்.

முதல் நாளே எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து எல்லையைச் சொல்லியிருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் கிடையாது. பாலியல் குற்றம் என்றால், 18 வயது நிறையாதவர் என்பதால் போக்சோ சட்டப்படி புகார் கட்டாயம். மற்றவற்றை அவன் சம்மதமில்லாமல் சொல்லாதீர்கள். தனக்கென ஓர் இடம் தேடும் வயது அது. அடுத்த அமர்விலேயே இதைப் பேசி முடியுங்கள்.