பெர்சியன் பூனை அக்குள்ல சிக்கு: மறுபடி குளிப்பாட்டலாமா?

பூனைக்கு அக்குள்ல முடி சிக்கு விழுந்திருக்கு, மறுபடி குளிப்பாட்டலாமான்னு கும்பகோணத்துலேர்ந்து கேட்டிருக்கீங்க. குளிப்பாட்டாதீங்க. தண்ணி பட்டா சிக்கு இன்னும் இறுகி கம்பளித் துண்டு மாதிரி ஆயிடும். கத்தரிக்கோலும் வேண்டாம். பூனைத் தோல் ரொம்ப மெல்லிசு, சிக்கோட சேர்ந்து எழும்பி நிக்கும். முடின்னு நினைச்சுத் தோலை வெட்டிடுவோம்.

சோள மாவு (கார்ன்ஃப்ளார்) கொஞ்சம் தூவி விரலால பிரிச்சு விடுங்க. அப்புறம் அடிமுடியை ரெண்டு விரலால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஸ்டீல் சீப்பால நுனியிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போங்க. வாலைப் படபடன்னு அடிக்க ஆரம்பிச்சா விட்டுடுங்க, மிச்சம் நாளைக்கு.

போன வாரம் குளிப்பாட்டினதா எழுதியிருக்கீங்க. ஐப்பசி மழையில கும்பகோணத்துல நம்ம துணியே காயாது, பூனையோட உள்முடி எப்படிக் காயும்? இனிமே சிக்கெடுத்துச் சீவின பிறகுதான் குளியல்.

முடியை விலக்கிப் பாருங்க. கறுப்புத் துகள் இருந்தா ஈரப் பஞ்சுல ஒத்துங்க. செம்பழுப்பா கசிஞ்சா தெள்ளுப்பூச்சி. அதுக்காக நாய்ப் பவுடரைப் போட்டுடாதீங்க, பெர்மெத்ரின்ங்கற பூச்சிக்கொல்லி கலந்திருந்தா பூனை உயிருக்கே ஆபத்து.

தோல் சிவந்திருந்தாலோ வட்டமா முடி கொட்டியிருந்தாலோ சீப்பையே தொடாதீங்க. தஞ்சாவூர் பக்கத்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில காட்டுங்க. தோலோட ஒட்டின சிக்கையும் டாக்டர் மெஷின் வெச்சுத்தான் எடுக்கணும்.