கேட்டு வாங்குங்கள்: குளியலறைக் கேள்விகள்

மழை விட்டதும் வீடு திருத்தும் காலம் போலும். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி குளியலறைதான்.

குளியலறையைத் திருத்துகிறோம். மகள் பாத் டப் கேட்கிறாள். ஷவர் போதும் என்கிறார் கணவர். ஓடும் தண்ணீரை அப்படியே சுட வைக்கும் 3.5 கிலோவாட் ஹீட்டர் ஏற்கெனவே இருக்கிறது.
*வாசகி, நுவரெலியா*

நான் உங்கள் கணவர் பக்கம். ஆள் முங்குமளவுக்கு டப் நிரம்ப 150 லீற்றராவது வேண்டும். உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் காலையில் 15 பாகை என்று வைத்தால், அதை 38 பாகைக்குச் சுட வைக்கும்போது அந்த ஹீட்டர் நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் சொச்சம்தான் தரும். டப் நிரம்ப ஒரு மணி பத்து நிமிடம். அதற்குள் முதலில் விழுந்தது பச்சைத் தண்ணீராகிவிடும். கரண்ட் செலவு 4 யூனிட். அதே ஹீட்டரில் 10 நிமிடம் ஷவரில் நின்றால் அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூட. டப்தான் வேண்டுமென்றால், வெந்நீரைச் சேர்த்து வைக்கும் பெரிய ஹீட்டரின் விலையையும் கூட்டிப் பாருங்கள். டப் விற்கிறவர் அதைச் சொல்லமாட்டார்.

கண்ணாடி மாதிரி மினுங்கும் டைல்ஸ் பிடித்திருக்கிறது. குளியலறைத் தரைக்குப் போடலாமா?
*வாசகர், பண்டாரவளை*

சுவருக்குப் போடுங்கள்.

பத்துக் கிழமைக்கு முன் டவுனில் ஹீட்டர் வாங்கினேன். பில் வேண்டாமென்றால் 2000 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார்கள், சம்மதித்தேன். இப்போது தண்ணீர் சுடுவதில்லை. "உங்கள் லயத்துக் கரண்ட் சரியில்லை" என்று விரட்டுகிறார்கள். வரண்டி அட்டை மட்டும் இருக்கிறது.
*வாசகி, ஹட்டன்*

தங்கச்சி, வாங்கும்போது லயத்துக் காசு நன்றாகத்தான் செல்லுபடியானது! அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருந்தால் அதுவே உங்கள் ஆதாரம். முதலில் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வோல்டேஜை அளந்து, எழுதி வாங்குங்கள். பிறகு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி 3 மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு மிச்சம் இரண்டு மூன்று கிழமைதான். இன்றே 1977க்குப் பேசுங்கள், கடிதத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது அதே சட்டத்தில் வியாபாரியின் கடமை. 2000 ரூபாய்க்கு உங்கள் கையிலிருந்து அவர் வாங்கியது அந்தத் துண்டுக் கடதாசியைத்தான்.

வீடியோவில் பார்த்து மழை ஷவர் ஒன்று வாங்கினோம். தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
*வாசகர், பதுளை*

இல்லை. நீங்கள் பெட்டியை வாசிக்கவில்லை. அதில் தண்ணீர் அழுத்தம் 1 பார் என்று போட்டிருந்தால், தண்ணீர் டேங்க் ஷவருக்கு 10 மீற்றர் மேலே இருக்க வேண்டும். உங்களுடையது கூரைக்குச் சற்று மேலே நிற்கும், இல்லையா? தோட்டத்துப் பீலியில் நின்றால் முதுகில் அடிப்பது போல விழும். தண்ணீர் மலை உச்சியிலிருந்து இறங்கி வருகிறதே, அந்த உயரம்தான் அடிக்கிறது. சிறிய தலையுள்ள ஷவருக்கு மாற்றுங்கள், அல்லது பிரஷர் பம்ப் பூட்டுங்கள். இதே ஷவரை நானும் ஒரு காலத்தில் வாங்கினேன். இப்போது அது கொத்தமல்லிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறது.

மாடிக் குளியலறையைப் புதுப்பிக்கிறோம். வோட்டர்புரூஃப் அவசியமா? "நல்ல டைல்ஸ் போட்டால் போதும்" என்கிறார் மேசன்.
*வாசகர், கம்பளை*

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே எனக்கு நரைத்தது. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது. இடையில் பூசும் கிரவுட் வழியாக ஈரம் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். தடுப்பது அடியில் பூசும் பூச்சு. நம் பக்கம் சரிவில் வெட்டிக் கட்டிய வீடுகள். ஒருவர் குளிக்கும் தரை இன்னொருவர் படுக்கும் அறைக்குக் கூரை. நானும் இப்படியொரு மேசனை நம்பி, இருந்த பணத்தையெல்லாம் இறக்குமதி டைல்ஸில் கொட்டினேன். எட்டாம் மாதம் கீழறை அலுமாரியைத் திறந்தால் மனைவியின் கூறைச் சேலையில் கறுப்புப் பூசணம். டைல்ஸை உடைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு மனைவி டைல்ஸ் கடைப் பக்கம் என்னைத் தனியாக விடுவதில்லை.

ஆகவே, பூச்சு தரையோடு நிற்காமல் சுவரிலும் ஏற வேண்டும். ஷவர் பக்கம் தலைக்கு மேல் வரை. மூலைகளில் வலைத் துணி வைத்துப் பூசச் சொல்லுங்கள். காய்ந்ததும் வடிகுழாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு ஒரு முழு நாள் விடுங்கள். மறுநாள் கோட்டையும் கீழறைச் சீலிங்கையும் பாருங்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே கண்டபடி இறங்கியிருந்தால் மேசனுக்கு மிச்சக் காசு கொடுக்காதீர்கள். அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

3.5 கிலோவாட் ஹீட்டரை 13 அம்பியர் பிளக்கில் செருகலாமா?
*வாசகர், மஸ்கெலியா*

கூடாது. அது 15 அம்பியர் இழுக்கும், பிளக் உருகும். மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், நல்ல எர்த், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச். இந்த மூன்றும் இல்லாமல் அதன் கீழே யாரையும் குளிக்க விடாதீர்கள்.

40 பெட்டி டைல்ஸ் இறக்கிவிட்டோம். குளியலறைக்கு எத்தனை பெட்டி தேவை என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?
*வாசகர், தலவாக்கலை*

லொறி வந்து போன பிறகா? அறையை அளந்து, வெட்டுச் சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். மிஞ்சும் பெட்டிகளைப் பிரிக்காமல் கடையில் கேட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் வீட்டில் வையுங்கள், நாளைக்கு ஒரு டைல் உடைந்தால் அதே நிறம் கிடைக்காது.