பழைய டர்போ டீசல் கார்: டர்போவைக் கழற்றிவிடவா, பவர் கூட்டவா?

உங்கள் கேள்வி இதுதான்: 90களில் வந்த கேம்ரி, 2சி டர்போ டீசல் எஞ்சின். கிளிநொச்சியில் ஒருவர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைக் கழற்றி மூடிவிடச் சொல்கிறார். இன்னொருவர் டீசல் பம்பைக் கூட்டி, அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலரும் போட்டால் பறக்கும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேரையும் விடுங்கள். முதலில் ரேடியேற்றர் தண்ணியைப் பாருங்கள்.

என்னிடம் இருப்பது டவுன்ஏஸ் வான். ஆனால் எஞ்சின் உங்களுடையதுதான், அதே 1974 சிசி. ஒட்டுசுட்டானில் ஒன்பது வருடமாக ஹயர் ஓடுகிறேன். "ஹெட் வெடிக்கிற எஞ்சின்" என்று இதற்கு ஊரெல்லாம் ஒரு பெயர் உண்டு (ஹெட் என்றால் எஞ்சினின் மேல்மூடி, வால்வுகள் இருக்கும் பகுதி). பொய்யில்லை, எனக்கும் வெடித்தது. ஆனால் ஏன் வெடித்தது என்பதுதான் நீங்கள் அறிய வேண்டியது.

வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு மாங்குளத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனேன். மத்தியான வெயில், வான் நிறைய ஆட்கள், ஏசியும் போட்டிருந்தேன். முள்ளியவளை தாண்டும்போது சீட்டுக்குக் கீழிருந்து ஒரு சூட்டு மணம். மீற்றரைப் பார்த்தால் முள் நடுவில்தான் நிற்கிறது, அசையவே இல்லை. அதை நம்பி இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டினேன். அதுதான் தப்பு. தண்ணி முழுக்க வெளியே போய்விட்டால் சென்சரைத் தொடுவதற்குத் தண்ணி இருக்காது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் ஏறாது.

மறுநாள் கராஜில் ரேடியேற்றரின் மேல் தொட்டியைக் கழற்றினார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. கேத்தில் அடியில் படியுமே, அதே படிவு. மெக்கானிக் அண்ணை ஒரு மெல்லிய கம்பியை எடுத்து குழாய் குழாயாகக் குத்திப் பார்த்தார். பாதிக் குழாய்களில் கம்பி இறங்கவே இல்லை. "தம்பி, இவ்வளவு நாளும் கிணத்துத் தண்ணிதானே விட்டனீங்கள்?" என்று கேட்டார். ஆம், அதுதான் விட்டிருந்தேன். ஹெட்டைத் துடைத்துப் பார்த்தால் இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிரிழை போல ஒரு வெடிப்பு.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் 'அப்கிரேட்' இதுதான்: ரேடியேற்றருக்குப் புதுக் கோர் (நடுவில் உள்ள குழாய்த் தொகுதி), புது மூடி, புது தெர்மோஸ்டாட், பழைய ஹோஸ்களுக்குப் பதில் புது ஹோஸ். கூலன்டை பாட்டரித் தண்ணியில் (வடித்த தண்ணி, அசிட் இல்லை) கலந்து விடுங்கள், கிணற்றுத் தண்ணி வேண்டவே வேண்டாம். அப்புறம், ஹெட்டின் உலோகத்திலேயே பூட்டுகிற ஒரு சூட்டு அலாரம். அது தண்ணியை நம்பாது, உலோகத்தின் சூட்டை நேரே பார்க்கும். தண்ணி போனாலும் கத்தும். அன்று அது இருந்திருந்தால் என் ஹெட் தப்பியிருக்கும்.

டர்போவைக் கழற்றாதீர்கள். அது தருகிற காற்றை நம்பித்தான் அந்த எஞ்சினைச் செய்திருக்கிறார்கள். கழற்றினால் கார் சோர்ந்துவிடும், புகையும் தள்ளும். டர்போ கேட்பது நல்ல ஓயிலும் தூசியில்லாத காற்றும்தான். அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஓயில் படலம். நான் 15டபிள்யூ-40 ஓயிலை 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன், பில்டரோடு சேர்த்து. ஏ9 வீதியில் மிதித்து வந்து நின்றால் உடனே சாவியைத் திருப்புவதில்லை. இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டுத்தான் நிறுத்துவேன். இல்லாவிட்டால் நின்றுபோன ஓயில் அந்தச் சூட்டில் கருகிப் பேரிங்கில் ஒட்டிவிடும்.

தூசி விஷயம் வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. சோளகம் வீசும் காலத்தில் கிரவல் ரோட்டில் முன்னால் ஒரு டிப்பர் போனால் போதும். ஏர் பில்டரை மட்டும் பார்க்காமல், பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ஹோஸையும் கிளிப்பையும் பாருங்கள். அந்த ஹோஸின் உட்புறத்தை விரலால் தடவும்போது செம்மண் ஒட்டினால், எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த மண் டர்போவின் இறக்கைகளை அரித்துவிடும்.

நீலப் புகை வந்தவுடன் டர்போ போச்சு என்று சொல்பவர்களை அவசரப்பட்டு நம்பாதீர்கள். ஓயில் திரும்பி வரும் குழாய் அடைத்தாலும், எஞ்சினின் உள்காற்றை வெளிவிடும் பிரீதர் அடைத்தாலும் அதே புகைதான் வரும். ஹோஸைக் கழற்றித் தண்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் கையில் தெரியும்படி ஆடினாலோ, இறக்கை சுற்றுச்சுவரில் உரசினாலோ டர்போ முடிந்தது. அப்போது கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடலாம். வாங்கும்போதும் இதே மாதிரி ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

பவர் கூட்டும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் பம்பைத் திருகினால் டீசல் கூடும், டீசல் கூடினால் புகைச்சூடு (எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூடு) கூடும், அந்தச் சூடு நேரே போவது அதே ஹெட்டுக்குத்தான். செய்யத்தான் போகிறீர்கள் என்றால், டர்போவுக்கு முன்னால் புகைச்சூட்டை அளக்கும் மீற்றரை முதலில் போடுங்கள். 700 பாகை செல்சியஸைத் தாண்டினால் காலை எடுத்துவிடுங்கள். இன்டர்கூலர் கெட்டதில்லை, காற்றை ஆற்றித்தான் அனுப்பும். ஆனால் அதை ரேடியேற்றருக்கு முன்னால் கட்டிக் காற்றை மறைத்துவிடாதீர்கள்.

மற்ற இரண்டு விஷயங்கள். ரைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இந்த வாரமே மாற்றுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். 2022இல் வரிசையில் நின்று அலுத்துப்போய் நான் கலந்து ஓட்டினேன். பம்புக்குள் வழுவழுப்பைத் தருவது டீசல்தான். அது குறைந்து பம்ப் தேய்ந்து, செய்து எடுக்க இரண்டு மாத ஹயர்க் காசு போனது.

நாளைக் காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, ரேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். தண்ணி என்ன நிறம், விரலில் வெள்ளையாக ஏதும் ஒட்டுகிறதா என்று கீழே எழுதுங்கள். கோர் மாற்ற வேண்டுமா, கழுவினால் போதுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.