ரோல்20-ஆ, ஃபவுண்ட்ரியா? முதலில் நண்பரின் போனைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு) ஆடிக்கொண்டிருந்தோம். இப்போது ஒருவர் பாரிஸில், ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில், இருவர் சென்னையில். ஆன்லைனில் தொடர ஆசை. நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர். கடலூர் நண்பரிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. மேப்பை விரித்து ஆன்லைனில் ஆட ரோல்20, ஃபவுண்ட்ரி என்று மென்பொருள்கள் இருக்கின்றனவாமே, எதில் பணம் போடலாம்? – ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: இப்போதைக்கு எதிலும் போடாதீர்கள். உங்கள் குழுவில் மென்பொருளை முடிவு செய்யப்போவது அந்தக் கடலூர் போன்தான். அதில் ஓடாதது மற்ற நால்வருக்கு எவ்வளவு அழகாக ஓடினாலும் பயனில்லை.

அதனால் இதே வேலையை எளிமையாகச் செய்யும் அவுல்பேர் ரோடியோ என்ற தளத்தில் தொடங்குங்கள். நீங்கள் மட்டும் கணக்கு தொடங்கினால் போதும். லிங்க்கை அனுப்பினால் மற்றவர்கள் பிரவுசரிலேயே வந்துவிடுவார்கள், போனிலும் விரலால் டோக்கனை (பாத்திரத்தைக் குறிக்கும் காயை) நகர்த்தலாம். மேப், டோக்கன், இன்னும் போகாத இடத்தை மறைக்கும் மூடுபனி, டைஸ் எல்லாம் உண்டு. விதிகள் எதுவும் அதற்குத் தெரியாது; அடி பட்டதா, எத்தனை ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) போனது என்பதை நீங்கள்தான் கணக்கு வைக்க வேண்டும். மாடியில் ஆடியபோதும் அதைத்தானே செய்தீர்கள்!

பாத்திரத்தின் விவரங்கள் உள்ள கேரக்டர் ஷீட்டைத் தொட்டாலே டைஸ் உருண்டு, கூட்டல் கழித்தலும் தானாக நடக்க வேண்டுமென்றால் ரோல்20. 2012-லிருந்து இருக்கிறது, இலவசக் கணக்கே சில மாதங்களுக்குத் தாங்கும். ஆனால் லேப்டாப்பில்தான் அது சுகம்.

மூன்றில் வசதிகள் அதிகம் உள்ளது ஃபவுண்ட்ரி. 50 டாலர், ஒரே தடவை, கேம் மாஸ்டர் மட்டும் வாங்கினால் போதும். ஆனால் அது போன் திரைக்காகச் செய்யப்பட்டதல்ல. இன்னொரு சிக்கல், விளையாட்டு உங்கள் கணினியிலிருந்தே ஓடும். நண்பர்கள் உங்கள் வீட்டு இணைப்புக்குள் வர வேண்டும். அதற்கு ரவுட்டரில் 30000 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து இணைப்பு வரும் வாசலை, திறந்துவிடச் சொல்வார்கள். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் அது பலிக்காது, ஏனென்றால் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருப்பார்கள். வாங்கும் முன்பே இதைச் சோதித்துவிடலாம். பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ‘வேன் ஐபி’ (WAN IP) என்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுளில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடி, அங்கே வரும் அதே வகை முகவரியோடு (புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள்) ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அல்லது ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், போர்ட்டைத் திறந்து பயனில்லை. இணைப்பு கொடுப்பவரிடம் காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி, அதாவது உங்களுக்கே உரிய மாறாத பொது முகவரி, கேட்கலாம். இல்லையென்றால் ஃபவுண்ட்ரியை நமக்காக ஓட்டித்தரும் வாடகை சர்வர் எடுக்கலாம். மாதச் செலவு சேரும். பிறகு எப்போதாவது வாங்குவதானால், வங்கிச் செயலியில் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எதை எடுத்தாலும் மேப் படத்தைச் சிறிதாக்குங்கள். இணையத்தில் கிடைக்கும் மேப் சில நேரம் 20 எம்பி பிஎன்ஜியாக இருக்கும், போன் திணறும். ரோல்20-ல் வழக்கமாகக் கட்டத்துக்கு 70 பிக்சல். அந்தக் கணக்கில் 30க்கு 20 கட்டம் உள்ள குகைக்கு 2100க்கு 1400 பிக்சல் போதும். வெப்-பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் கோப்பு வெகுவாக இளைத்துவிடும். இருள், வெளிச்சம், சுவர் மறைப்பு என்று காட்டும் டைனமிக் லைட்டிங் பார்க்கப் பிரமாதம். பழைய கணினியை அது படுத்தும் பாடு வேறு. முதல் சில வாரம் அதைத் தொடாதீர்கள்.

பேச்சைக் குழுவாகப் பேச உதவும் டிஸ்கார்ட் செயலியில் தனியாக வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும் மொபைல் டேட்டாவில் குரல் வரும், ஆட்டம் நிற்காது. கேரக்டர் ஷீட்டின் நகல் ஒன்றை எல்லோரும் காகிதத்திலும் வைத்திருக்கட்டும்.

அப்புறம், பாரிஸ் நண்பர். வெள்ளி இரவு நமக்கு 9 மணி என்றால் அவருக்குக் கோடையில் மாலை 5.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு 4.30 ஆகிவிடும்; ஆபீஸில் இருப்பார். அதற்குப் பிறகு, மார்ச் கடைசி ஞாயிறு வரை, இரவு 10 மணிக்குத் தொடங்குங்கள்.