வேலைக்குப் போய்வரும் படி: ராமநாதபுரம் கடற்கரை ஊழியர்களின் கேள்விகளுக்குப் பதில்

மண்டபம் பக்கம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டு சம்பளப் பட்டியல் போட்டு ஓய்வு பெற்றவன் நான். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வர மத்திய அரசு மாதாமாதம் கொடுக்கும் போக்குவரத்துப் படி பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்றதும் தொண்டி முதல் சாயல்குடி வரை பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், மத்திய அரசுச் சம்பளப் படிநிலையில் நான் லெவல் 4. தினமும் ராமநாதபுரத்திலிருந்து பஸ் பிடித்து மண்டபம் வருகிறேன். மண்டபத்திலேயே வீடு உள்ளவருக்கும் எனக்கும் ஒரே படிதான் வருகிறது. தூரத்தைக் காட்டிக் கூடுதலாகக் கேட்கலாமா?

பதில்: கேட்க வழியில்லை தம்பி. இந்தப் படி கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை. உங்கள் லெவல் என்ன, வேலை எந்த ஊரில், இந்த இரண்டைத்தான் பார்க்கிறது. 2017 ஜூலை 1 முதல் உள்ள விகிதப்படி 19 பெருநகரங்களுக்கு ஒரு தொகை, மற்ற எல்லா ஊருக்கும் அதைவிடக் குறைந்த தொகை. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் மட்டும்தான். மதுரைக்கே இடமில்லை, நம் கரைக்கு எங்கே கிடைக்கும்?

நமக்கு லெவல் 9-க்கும் அதற்கு மேலும் 3600 ரூபாய், 3 முதல் 8 வரை 1800, லெவல் 1, 2-க்கு 900. லெவல் 1, 2-ல் இருந்தாலும் அடிப்படைச் சம்பளம் 24,200-ஐத் தொட்டுவிட்டால் 1800. இது பலருக்குத் தெரியாது, சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இந்தத் தொகையோடு, விலைவாசிக்கு ஈடாகக் கொடுக்கும் அகவிலைப்படியும் சேரும். 2025 ஜூலை விகிதமான 58 விழுக்காட்டில் உங்களுக்கு 1800-உம் 1044-உம் சேர்ந்து 2844 ரூபாய் வர வேண்டும்.

கேள்வி: அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டதும் வீட்டு வாடகைப்படி கூடியது. போக்குவரத்துப் படியை ஏன் கூட்டவில்லை?

பதில்: வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று நிற்பது. அதன் மேல் அகவிலைப்படி கிடையாது. அதனால்தான் 2024 ஜனவரியில் 50-ஐத் தொட்டபோது நம் போன்ற ஊர்களுக்கு 9-லிருந்து 10 விழுக்காடாக ஏற்றினார்கள். போக்குவரத்துப் படிக்கு ஒவ்வொரு முறையும் அகவிலைப்படி தானாகவே ஏறிவிடுகிறது.

கேள்வி: அலுவலக வேனில்தான் வருகிறேன், உச்சிப்புளியில் ஏறுவேன். படி உண்டா?

பதில்: அரசு வண்டி வசதி கொடுத்திருந்தால் படி இல்லை.

கேள்வி: அம்மாவின் ஆபரேஷனுக்காக 42 நாள் விடுப்பு எடுத்தேன். படியைப் பிடித்துவிட்டார்கள். சரியா?

பதில்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று நீங்கள் எழுதவில்லை. அதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு காலண்டர் மாதம் முழுக்க, ஒன்றாம் தேதி முதல் கடைசித் தேதி வரை, வேலைக்கு வராமல் இருந்தால்தான் அந்த மாதத்துப் படி போகும். ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20 வரை எடுத்தாலும் 42 நாள்தான். ஆனால் ஜனவரியிலும் சில நாள் வந்திருக்கிறீர்கள், பிப்ரவரியிலும் வந்திருக்கிறீர்கள். இரண்டு மாதத்துக்கும் முழுப் படி உண்டு. அதே 42 நாளை பிப்ரவரி 1-ல் தொடங்கியிருந்தால் பிப்ரவரி போய்விடும். 30 நாளைத் தாண்டினால் படி இல்லை என்று வாய்ச்சொல்லாகச் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். தேதியைக் குறித்து எழுத்தில் கேளுங்கள். வெளியூர் அலுவல் பயணத்துக்கும் இதே கணக்குதான்.

கேள்வி: ஐயா, தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். போலியோவால் ஒரு கால் நடக்காது. லெவல் 1, சம்பளம் இன்னும் 24,200-ஐத் தொடவில்லை. 900 ரூபாயும் அகவிலைப்படியும் வாங்குகிறேன். எனக்குத் தனி விதி ஏதும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, உடனே எழுதிக் கொடுங்கள். கை கால் ஊனம், பார்வையின்மை, காது கேளாமை போன்ற, விதியில் சொல்லப்பட்ட குறைபாடு உள்ள ஊழியருக்குப் போக்குவரத்துப் படி இரட்டிப்பு. அதுவும் 2250 ரூபாய்க்குக் குறையக் கூடாது. உங்களுக்கு 900-ன் இரண்டு மடங்கு 1800-தான் வரும், ஆனால் குறைந்தபட்ச விதியால் 2250. 2025 ஜூலை அகவிலைப்படி 58 விழுக்காடு சேர்த்தால் 3555 ரூபாய். அதே விகிதத்தில் நீங்கள் வாங்குவது 1422. மாதம் 2133 ரூபாய் விட்டுப்போகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பழைய நினைவு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலில் கேலிப்பர் போட்டு வரும் அண்ணன் ஒருவர் இருந்தார். ஆண்டுக்கணக்கில் சாதாரணப் படியே வாங்கினார். அவரும் கேட்கவில்லை, அலுவலகத்தில் ஒருவரும் சொல்லவில்லை. ஒருநாள் விதிப் புத்தகத்தைப் புரட்டியபோது என் கண்ணில் பட்டது. விண்ணப்பம் போட்டோம், கிடைத்தது. போன பணம் போனதுதான். மருத்துவ அதிகாரியின் பரிந்துரை அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் இந்த உயர்ந்த படி தொடங்கும். அதனால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஊனச் சான்றிதழோடு அலுவலகத் தலைவருக்கு விண்ணப்பம் கொடுத்து, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கொடுத்ததற்குத் தேதி போட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ராமேஸ்வரம் தீவுதானே? தீவுப் படி உண்டா?

பதில்: பூகோளப்படி தீவுதான். ஆனால் அரசு விதியில் தீவு என்றால் அந்தமான் நிகோபாரும் லட்சத்தீவும். நமக்குப் பாலம் இருக்கிறது.

கேள்வி: சாயல்குடி அருகே மாநில அரசுப் பள்ளி ஆசிரியை. எங்களுக்கு இந்தப் படி இல்லையா அண்ணா?

பதில்: இல்லை அம்மா. மாநில அரசு ஊழியருக்கு வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வர மாதப் படி என்று பொதுவாக ஒன்று கிடையாது. மாற்றுத் திறனாளிகளுக்குத் தனி ஊர்திப்படி உண்டு. களப்பணியில் அலையும் சிலருக்கு எஃப்.டி.ஏ. என்னும் நிலையான பயணப்படி உண்டு, அது அலுவல் சுற்றுக்குக் கொடுப்பது. உங்களுக்குக் கைகொடுப்பது 2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பயணம்தான். சாதாரண டவுன் பஸ்ஸில் எல்லாப் பெண்களுக்கும் உண்டு, அரசு ஊழியர் என்பதால் விலக்கு இல்லை. ஈ.சி.ஆரில் ஓடும் வெளியூர் பஸ்களில் செல்லாது. நம் கரையோரப் பள்ளிகள் பலவற்றுக்கு அந்த வெளியூர் பஸ்ஸை விட்டால் வேறு வண்டி இல்லை என்பது எனக்கும் தெரியும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. காலை எட்டரைக்கு வெயிலில் நிற்கும் ஆசிரியைகளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

கேள்வி: மண்டபத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு மீட்டிங் போனால்? போக்குவரத்துப் படியிலேயே அடங்கிவிடும் என்கிறார்கள்.

பதில்: அடங்காது. மத்திய அரசில் பணியிடத்திலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் அலுவலாகப் போனால் அது பயணப்படி கணக்கு. பயணச் செலவு தனி. ஒரு நாள் சாப்பாட்டுத் தொகையில் 6 மணி நேரத்துக்குள் திரும்பினால் 30 விழுக்காடு, 12 மணி வரை 70, அதற்கு மேல் முழுதும். பில்லை 60 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். முன்பு ஓராண்டு இருந்தது, அந்த நினைப்பில் இன்றும் பலர் இழக்கிறார்கள்.

கேள்வி: பைக் வாங்க அட்வான்ஸ்?

பதில்: மத்திய அரசில் ஏழாவது ஊதியக் குழுவோடு நின்றுவிட்டது. வங்கிக் கடன்தான்.

கேள்வி: பாம்பன் புதுப் பாலம் திறந்ததால் மறுபடி ரயிலுக்கு மாறலாமா? சீசன் டிக்கெட்டை அலுவலகத்தில் காட்ட வேண்டுமா?

பதில்: காட்ட வேண்டாம். இந்தப் படிக்கு ரசீதே கேட்பதில்லை, பஸ்ஸோ ரயிலோ உங்கள் விருப்பம். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது முதல் 2025 ஏப்ரல் 6-ல் புதியது திறக்கும் வரை மண்டபத்தில் இறங்கி பஸ் மாறினோமே, அந்தப் பாடு இனி இல்லை. சீசன் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும், மாதத்துக்கும் எடுக்கலாம், மூன்று மாதத்துக்கும் எடுக்கலாம். முதலில் ஒரு மாதத்துக்கு எடுத்து, ரயில் நேரம் உங்கள் அலுவலக நேரத்துக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவந்தால் மூன்று மாதச் சீசன் எடுத்துக்கொள்ளுங்கள்.