மழைக்காலத்தில் மவுஸ் இழுக்கிறது: 5000 ரூபாய் மவுஸ் பேட் வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். மழை தொடங்கியதிலிருந்து வாலரன்ட் என்ற கணினி விளையாட்டை ஆடும்போது மவுஸ் இழுத்துப் பிடிக்கிறது என்கிறீர்கள். ஜூலை மாத மும்பை மாட்டுங்காவில் துணி பேட் வேறு எப்படி இருக்கும்? காற்றின் ஈரத்தையும் கை வியர்வையையும் குடித்து உராய்வு கூடிவிடும். விலை உயர்ந்த துணி பேடும் இதற்கு முழு விலக்கல்ல.

முதலில் பேடை லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி, மின்விசிறிக்கு அடியில் நன்றாகக் காயவைத்து ஆடிப் பாருங்கள் (வெயிலை நம்பினால் செப்டம்பர் ஆகிவிடும்). அப்புறம் மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளைத் தடவிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

மவுஸின் சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, அதாவது கையை அதிக தூரம் நகர்த்தி ஆடுபவரென்றால் பேடின் அகலம்தான் முக்கியம். 45 செ.மீ. அகலத்தில் ஆயிரத்துக்குள்ளேயே கிடைக்கும். கண்ணாடி பேடை ஈரம் அவ்வளவாகப் பாதிக்காது, சரி. ஆனால் எல்லா மவுஸ் சென்சாரும் அதில் ஒழுங்காக ஓடாது.