பழைய ரோந்துக் கப்பல்களைப் பக்கத்து நாடுகளுக்குச் சும்மா கொடுப்பதில் இந்தியாவுக்கு என்ன லாபம்?

கடலைப் பார்க்கவே ஒரு ராத்திரி பஸ் ஏற வேண்டிய திருச்செங்கோட்டுக்காரன் நான். ஆனால் எங்கள் வீட்டில் போர்வெல் வண்டி ஓடியது. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டது அதில்தான்.

அப்பா ஒரு பழைய ரிக்கை ராய்ச்சூர் பக்கம் ஒருவருக்கு விற்றார். வண்டியோடு எங்கள் ட்ரில்லர் அண்ணனும் போய் ஒரு மாதம் தங்கினார். எந்த லீவரை எவ்வளவு இழுக்கணும் என்பது அவர் கைக்குத்தான் தெரியும். அப்புறம் நாலு வருஷம், கம்ப்ரஸரில் ஒரு வால்வு போனாலும் போன் எங்களுக்குத்தான். பார்சல் போகும், கூடவே பில்லும் போகும்.

கப்பலும் அப்படித்தான். மாலத்தீவுக்கு 2006-இல் ஐஎன்எஸ் திலாஞ்சாங்கைக் கொடுத்தோம், அங்கே அதன் பெயர் ஹுராவி. அதற்குப் பதிலாக 2023 மே மாதம் ஐஎன்எஸ் தர்முக்லி போனது. அதற்கும் ஹுராவி என்றே பெயர். 2016-இல்தான் நம் கடற்படையில் சேர்ந்த கப்பல் அது. ஆகவே பழசைத்தான் தள்ளிவிடுகிறோம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இந்தியப் படையினரை வெளியேற்றுவேன் என்று ஜெயித்து வந்த மாலத்தீவு அதிபர் முய்சு, 2024 மே மாதத்துக்குள் அவர்களை அனுப்பியும் வைத்தார். அதே வருஷம் அக்டோபரில் அவர் டெல்லி வந்தபோது, ஹுராவியை இலவசமாகவே மராமத்து செய்து தருவதாக இந்தியா ஒப்புக்கொண்டது. ஆளை அனுப்பிவிடலாம், கப்பலைக் கட்டிய பட்டறை கல்கத்தாவில் அல்லவா இருக்கிறது! அப்பா பில் போட்ட இடத்தில் டெல்லி போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். லாபம் வேறு வழியில் வரும் என்ற தைரியம்.

2023 ஜூலையில் வியட்நாமுக்கு ஆயுதங்களோடு கொடுத்த ஐஎன்எஸ் கிர்பான் ரோந்துக் கப்பல் இல்லை, ஏவுகணைக் கப்பல். அது சீனாவை மனதில் வைத்துச் செய்தது என்பது என் எண்ணம்.

இலங்கைக்கு 2000-இல் போன ஐஎன்எஸ் சரயு அங்கே 'சயுர' ஆனது. சிங்களத்தில் கடல் என்று அர்த்தம். பெயிண்டருக்கு வேலை மிச்சம்! சரயு என்ற பெயரை, கோவாவில் கட்டி 2013-இல் கடற்படையில் சேர்ந்த புதுக் கப்பலுக்கு வைத்துக்கொண்டார்கள். அப்பாவும் முகப்பில் இருந்த 'அண்ணமார் துணை'யைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ராய்ச்சூர்க்காரரிடம் சாவியைக் கொடுத்தார். அடுத்த வண்டிக்கும் அதையேதான் எழுதினோம்.